கிடப்பதும் யோகமாகுமா?

1952-ஆம் ஆண்டு. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் கச்சேரிகளுக்காக பம்பாய் வந்திருந்தார். ஓயாத பயணமும் மேடையும் தூக்கமின்மையும் அவரைச் சக்கையாகப் பிழிந்திருந்தன. புனேயிலிருந்து தம்மைப் பார்க்க வந்த யோக ஆசிரியருக்கு ஐந்து நிமிடம்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார். வந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். அவர் தலைகீழாக நிற்கவில்லை, உடலை வில்லாக வளைத்துக் காட்டவுமில்லை. களைத்துப்போன கலைஞரைச் சவாசனத்தில் படுக்கவைத்தார், அவ்வளவுதான். மெனுஹின் அப்படியே உறங்கிப்போனார். ஒரு மணி நேரம் கழித்து விழித்தவர், ஐந்து நிமிடக் கணக்கை மறந்து ஐயங்காருடன் நெடுநேரம் இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1954-இல், அவரைச் சுவிட்சர்லாந்துக்கு வரவழைத்தார். மேலைநாடுகளில் ஐயங்காரின் யோகம் வேர்பிடித்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சவாசனத்தின் வழியில் வளர்ந்த ஒரு பயிற்சி இன்று உலகெங்கும் ‘ரெஸ்டோரேட்டிவ் யோகா’ என்ற பெயரில் பரவியிருக்கிறது. தமிழில் இளைப்பாறும் யோகம் என்று சொல்லலாம். திண்டு, மடித்த போர்வை, நாற்காலி, சுவர் என்று எதையாவது உடலுக்குத் தாங்கலாகக் கொடுத்துவிட்டு, ஒரே நிலையில் பத்து நிமிடம், இருபது நிமிடம் அசையாமல் இருப்பதுதான் அது. தசையை இழுப்பதில்லை. வியர்ப்பதில்லை. ஒரு மணி நேர வகுப்பில் நான்கைந்து நிலைகளுக்கு மேல் வராது.

இதைப் பார்க்கும் பலருக்கு நியாயமான ஒரு சந்தேகம் எழும். இது யோகமா, ஓய்வா? பிறவிப்பிணி தீர்க்கக் கண்ட வழியில், முதுகு வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஆறுதல் தேடுகிறவர்கள் வந்து படுத்துக்கொள்ளலாமா?

சந்தேகத்தின் பக்கமும் வலுவான காரணங்கள் உண்டு. யோகம் என்றதுமே நம் மனத்தில் தவம் வருகிறது. ஊண் உறக்கம் துறந்தவர்கள், ஒற்றைக் காலில் நின்றவர்கள், புற்று மூடியும் அசையாதவர்கள் நம் புராணங்களில் நிறைந்திருக்கிறார்கள். உடல் சுகத்தைக் கடந்தவனே யோகி, அதை நாடுகிறவன் போகி என்றுதான் வழிவழியாகக் கேட்டிருக்கிறோம். பதஞ்சலியும் சித்தத்தின் அலைகளை ஒடுக்குவதையே யோகம் என்று வரையறுத்தார். அந்த அலைகளை ஐந்தாகப் பகுத்தபோது உறக்கத்தையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். அப்படியானால் போர்வைக்குள் கண்ணயர்வது யோகத்துக்கு எதிர்த்திசையில் போவதல்லவா?

ஆனால் அதே பதஞ்சலியிடம் ஆசனம் பற்றிக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அவற்றில் ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியவை மூன்றே மூன்று. எந்த ஆசனத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். முயற்சியைத் தளர்த்தி, மனத்தை அனந்தத்தில் தோய்ப்பதால் அது கைகூடும் என்கிறார். அது கைகூடியவரைக் குளிர், வெப்பம் முதலான இரட்டைகள் தாக்குவதில்லை என்று முடிக்கிறார். உடலை வருத்தச் சொல்லும் குரல் இந்த மூன்றில் எங்கும் இல்லை. முயற்சியை விடுவதே இங்கே வழிமுறையாக நிற்கிறது. உரை எழுதிய வியாசரும் முயற்சி ஓயும்போதுதான் ஆசனம் நிறைவடைகிறது என்று விளக்குகிறார்.

பின்னால் வந்த ஹட யோக நூல்கள் இன்னும் வெளிப்படையாகவே பேசின. தரையில் பிணம் போல மல்லாந்து கிடப்பதை, மனம் ஒடுங்குவதற்குரிய லய யோக வழிகளில் ஒன்றாகத் தத்தாத்ரேய யோக சாஸ்திரம் சேர்த்துக்கொண்டது. 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15. அவற்றில் ஒன்று சவாசனம். அது களைப்பைப் போக்கும், சித்தத்துக்கு இளைப்பாறுதல் தரும் என்று பயனையும் அந்த நூலே சொல்லிவிடுகிறது. ஆகவே இளைப்பாறுவதற்காகப் படுப்பது நவீன நகரவாசிகள் யோகத்துக்குள் புகுத்திய சலுகை அல்ல. மூல நூல்களிலேயே அது இருக்கிறது.

அதிகம் உண்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும், அதிகம் உறங்குபவனுக்கும் விழித்தே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. உடலை எலும்புக்கூடாக்கிய கடுந்தவத்தைக் கைவிட்ட பிறகே சித்தார்த்தர் புத்தரானார். திருமூலரோ, ஒருகாலத்தில் உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளேயே உறுபொருள் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் பாடினார். உடம்பை அதட்டி வழிக்குக் கொண்டுவரும் பாதையைத் தெரிந்தே ஒதுக்கியவர்கள் இவர்கள்.

பதஞ்சலி சொன்ன அனந்தம் எது? எல்லையற்றது என்று சிலர் பொருள் கொண்டார்கள். வாசஸ்பதி மிச்ரர் முதலான உரையாசிரியர்கள், உலகத்தைத் தன் படங்களில் தாங்கும் ஆதிசேஷனையே அது குறிக்கிறது என்றார்கள். தமிழ் மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இந்த உரை சட்டென்று புரியும். ஆதிசேஷன் மேல் பள்ளிகொண்ட பெருமாளைத்தானே திருவரங்கத்தில் சேவிக்கிறார்கள்! அந்தக் கிடந்த கோலத்தை யாரும் சோம்பல் என்று சொன்னதில்லை. அதற்கு யோக நித்திரை என்று பெயர். ஆழ்வார்கள் காலத்துத் தமிழில் அறிதுயில்.

மாமல்லபுரத்துக் குன்றின் மேல், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபத்தில் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை அது. ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேலேறிப் பாய்கிறாள், எருமைத்தலை அசுரன் பின்வாங்குகிறான், கல்லே பரபரக்கிறது. எதிர்ச்சுவரில் திருமால் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார். காலடியில் மது, கைடபன் என்ற அசுரர்கள் கதையோடு நெருங்குகிறார்கள். அந்த ஆபத்து அவர் உடலில் ஒரு சுருக்கத்தையும் உண்டாக்கவில்லை. தோளிலோ இடுப்பிலோ இறுக்கமே தெரியாதபடி சிற்பி அவரைச் செதுக்கியிருக்கிறார். போரையும் ஓய்வையும் எதிரெதிரே வைத்த அந்தக் கலைஞன் இரண்டுக்கும் சமமான சுவரைத்தான் ஒதுக்கினான்.

படுத்த நிலையில் ஒரு மனிதனின் வாழ்க்கையே திசைமாறிய நிகழ்ச்சியும் தமிழ்நாட்டில் நடந்தது. 1896 ஜூலையில், மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே சித்தப்பா வீட்டு மாடியறையில் 16 வயது வேங்கடராமன் தனியாக இருந்தான். நோய் எதுவும் இல்லை. திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. மருத்துவரையும் பெரியவர்களையும் தேடி ஓடாமல், அவன் தரையில் படுத்தான். கைகால்களைப் பிணம் போல விறைப்பாக நீட்டினான். மூச்சை அடக்கினான், உதடுகளை இறுக மூடினான். இந்த உடல் செத்துவிட்டது, சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகப்போகிறார்கள், உடலோடு நானும் செத்தேனா என்று உள்ளே தேடினான். உடல் போனாலும் தான் போகவில்லை என்ற தெளிவோடு எழுந்தான். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ரமணர் அன்று செய்தது யோகாசனப் பயிற்சி இல்லை. அவர் கைகால்கள் விறைத்திருந்தன. இளைப்பாறும் யோகத்தில் அவை தளர்ந்திருக்க வேண்டும். சவாசனத்தில் படுக்கும் எல்லோருக்கும் ஆத்ம தரிசனம் கிட்டும் என்று சொல்வதும் பொய்யாகிவிடும். ஆனாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஓடவும் பேசவும் சம்பாதிக்கவும் நிரூபிக்கவும் பழகிய உடல் சிறிது நேரம் எதையும் செய்யாமல் கிடக்கும்போது, இத்தனை வேலைகளும் கழிந்த பிறகு மிஞ்சியிருப்பது யார் என்ற கேள்வி தானாகவே மேலே வருகிறது. அந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பதால்தான் இந்தப் பயிற்சி வெறும் அசதி தீர்த்தலோடு நின்றுவிடுவதில்லை. மெனுஹினின் ஒரு மணி நேர உறக்கம் அவருக்குத் தேவையான மருந்து. விழித்தபடியே தளர்ந்திருப்பது அதற்கு அடுத்த படி. யோகம் தொடங்குவது அந்தப் படியில்.

இனி, தாங்கல்கள். திண்டும் போர்வையும் இல்லாமல் இளைப்பாறும் யோகம் இல்லை. தத்துவ நோக்கில் கவனிக்க வேண்டியதும் இவற்றைத்தான். வைணவத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வாதம் உண்டு. இறைவன் அருளைப் பெற மனிதன் முயல வேண்டுமா? குரங்குக் குட்டி தாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது போல உயிர் தன் பங்குக்கு முயல வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டியைத் தாய் தானே கவ்விக்கொண்டு போவது போல அருள் தானாக வந்து தூக்கும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது தென்கலை. வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் இந்த இரு நோக்குகளின் பேராசான்கள்.

ஐயங்கார் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய குருவும் அக்காள் கணவருமான திருமலை கிருஷ்ணமாசாரியார் தேசிகர் மரபில் ஊறியவர். மைசூரில் பல ஆண்டுகள் கற்பித்துவிட்டுப் பின்னாளில் சென்னையில் குடியேறி, 1989-இல் நூறு வயதில் இங்கேயே மறைந்தவர். மனிதனை யோகத்துக்கு ஏற்ப வளைப்பதை விட, யோகத்தை மனிதனுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பது அவர் முதிர்ந்த வயதில் காட்டிய வழி. அவர் மகன் தேசிகாசார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் அந்த வழியில் நடக்கிறது.

உறுதியான ஆசனப் பயிற்சியில் உடல் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. இளைப்பாறும் நிலையில் பிடியை விட்டுவிட்டு, தாங்குவதற்கு வேறொன்று இருக்கிறது என்று நம்ப வேண்டியிருக்கிறது. குரங்குக் குட்டியாக நாள் முழுக்க வாழ்கிறவர்களுக்கு அரை மணி நேரம் பூனைக் குட்டியாக இருப்பது லேசான காரியமில்லை. படுத்த பிறகும் தாடை இறுகியிருக்கும், தோள்கள் காதைத் தொடப் பார்க்கும், தொடைகள் தரையை விட்டுச் சற்றே தூக்கி நிற்கும். எடையை முழுதாகத் தரையிடம் கொடுப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். கடவுளை நம்புகிறவர்கள் இதைச் சரணாகதியின் சிறு ஒத்திகையாகக் கொள்ளலாம். நம்பாதவர்களும் ‘நான்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறேன்’ என்ற எண்ணத்தைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்கலாம். மதயானையை வசப்படுத்துவதை விட உள்ளத்தை ஒடுக்கி அமர்ந்திருப்பது அரிது என்று தாயுமானவர் சொன்னதன் உண்மை, அப்படிப் படுத்துப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

இந்தத் தாங்கல்கள் நோயாளி ஒருவரின் அனுபவத்தில் விளைந்தவை. 1918-இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்த ஐயங்கார், சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் எல்லாவற்றோடும் போராடியவர். நலிந்த உடம்பு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும். தன்னால் ஒரு நிலையில் நிற்க முடியாதவருக்கும் அந்த நிலையின் பலன் கிடைக்க வேண்டும் என்று செங்கல், மரக்கட்டை, கயிறு, வார், மடக்கு நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திப் பார்த்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஜூடித் லாசட்டர். 1995-இல் அவர் எழுதிய ‘ரிலாக்ஸ் அண்ட் ரினியூ’ என்ற நூல்தான் இந்த முறையை ரெஸ்டோரேட்டிவ் யோகா என்று உலகெங்கும் கொண்டுபோனது.

வீட்டில் செய்வதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பாய், இரண்டு தடித்த போர்வைகள், மூன்று தலையணைகள், ஒரு துண்டு போதும். சுப்த பத்த கோணாசனத்தை எடுத்துக்கொள்ளலாம். போர்வையை நீளவாக்கில் இறுக மடித்தோ சுருட்டியோ திண்டு போலப் பாயில் போட வேண்டும். அதன் நுனியில் இடுப்பு ஒட்டும்படி தரையில் உட்கார்ந்து, முதுகெலும்பு அதன் நடுவே படியுமாறு மெல்லச் சாய வேண்டும். இடுப்பு தரையில், முதுகு போர்வையில். தலைக்கடியில் இன்னொரு மடிப்பு வைத்து, நெற்றியை விட மோவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, ஒவ்வொரு தொடைக்கடியிலும் ஒரு தலையணை கொடுக்க வேண்டும். தொடை இழுபடுவது தெரிந்தால் தலையணையின் உயரம் போதவில்லை என்று பொருள். கைகள் உடலை விட்டு விலகி, உள்ளங்கை மேல்நோக்கிக் கிடக்கட்டும். துண்டை மடித்துக் கண்மேல் போட்டுக்கொள்ளலாம். மூச்சை அடக்கவோ எண்ணவோ வேண்டாம். வெளிமூச்சு தானாக நீள்வதைக் கவனித்தால் போதும். பதினைந்து நிமிடம் கழித்து, முழங்கால்களைக் கையால் சேர்த்து, வலப்பக்கம் ஒருக்களித்து, கையூன்றி எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

உள்ளே நடப்பது என்ன? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது சற்று மெதுவாகிறது. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாகப் பாராசிம்பதெட்டிக் நரம்பு மண்டலத்தின் கை ஓங்குகிறது. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராக நின்ற உடல், செரிமானத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் திரும்புகிறது. 1969-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதயநோய் நிபுணர் தாதே தலைமையிலான குழு, உயர் ரத்த அழுத்தம் உள்ள 47 பேருக்குச் சவாசனம் கற்பித்துப் பலன் கண்டதாக ‘ஆஞ்சியாலஜி’ இதழில் எழுதியது. லண்டனில் பணியாற்றிய மருத்துவர் சந்திரா படேல், யோக முறைத் தளர்வையும் பயோஃபீட்பேக் கருவியையும் சேர்த்து 20 நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தார். அவர்களில் ஐந்து பேருக்கு மருந்தே நிறுத்தப்பட்டதாக 1973-இல் ‘லான்செட்’ இதழில் அறிவித்தார்.

ஆனால் அறிவியலின் சாட்சியத்தை முழுதாகக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரெஸ்டோரேட்டிவ் யோகாவும் மற்றதற்குச் சாதாரண நீட்சிப் பயிற்சியும் 48 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை யோகா குழுவில் சற்றே கூடுதலாகக் குறைந்தது. மன அழுத்தச் சுரப்பான கார்டிசால் குறைந்ததிலோ நீட்சிப் பயிற்சிக் குழு முன்னே நின்றது. இளைப்பாறும் யோகம் உடலுக்கு நல்லது, அற்புதமில்லை. இதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் மல்லாந்து நெடுநேரம் கிடக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே பாதுகாப்பு. கிளாக்கோமா உள்ளவர்கள் தலை தாழும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். கண்ணை மூடிப் படுத்தால் பழைய பயங்கள் கிளர்ந்தெழுகிறவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், உட்கார்ந்தே செய்யலாம்.

அற்புதம் இல்லை என்றால் எதற்கு? பலனுக்காகச் செய்யும் வேலைகள் நாளெல்லாம் இருக்கின்றன. ஓய்வையும் மறுநாள் உழைப்பதற்கான சார்ஜராக மாற்றிவிட்டால் அதுவும் வேலைதான். பலனை எதிர்பாராமல் சிறிது நேரம் இருப்பதற்கு உயிருக்கு உரிமை உண்டு என்பதைத்தான் நம் ஆன்மிக மரபுகள் வெவ்வேறு சொற்களில் சொல்லிவந்திருக்கின்றன.

அந்த உரிமை எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதையும் கேட்காமல் விடக் கூடாது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். பகலில் பெண் ஒருத்தி இருபது நிமிடம் பாயில் படுத்தால் ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. படுப்பதற்கு நோயைக் காரணம் காட்ட வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால், அந்த வீட்டில் யாருக்கும் ஓய்வு முழுமையாக இல்லை.

கிடப்பதும் யோகமே. விழிப்போடும், பிடியை விட்ட உடலோடும், எதையும் சாதிக்கும் எண்ணமில்லாமலும் கிடந்தால் அது யோகமே. இன்று மாலை உங்கள் வீட்டில் யார் அதிகம் களைத்திருக்கிறார் என்று பாருங்கள். பாயை விரித்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, அவரை முதலில் படுக்கச் சொல்லுங்கள். அந்த இருபது நிமிடத்துக்கு அடுப்பையும் கைபேசியையும் வாசல் மணியையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் முறை.